கங்கை பிறக்கும் பனியாறு

காவிரி வளநாட்டைச் சேர்ந்த ஊர்களுள் வலங்கைமானும் ஒன்று. காவிரியின் கிளையாகிய குடமுருட்டி ஆறு அவ்வூரை வளப்படுத்துகின்றது. ஆற்றில் நீர் வரும் காலத்தில் வாய்க்கால்கள் நிறையும். நாற்றங்கால்கள் பசுமை பெறும். உழவர் முகம் மலரும். ஆனால், சித்திரை வைகாசித் திங்கள்களில் ஆற்றின் நிலை வேறு. எங்கு நோக்கினும் வெண்மணலே காட்சியளிக்கும். சிறுவர்கள் அம்மணலில் ஓடி விளையாடுவர். மேட்டூர் அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில், ஜூன் 12 ஆம் நாள் அணை திறக்கப்படும். அந்நீர் கல்லணையை அடைந்து கிளையாறுகளில் பாயும் நாளை உழவர் எதிர்நோக்கி இருப்பர்.

குடமுருட்டி மணல் மேடாகக் கிடக்கும் அதே கோடைக்காலத்தில், வடக்கே இமயமலையில் பாகீரதி என்னும் ஆறு நாளுக்கு நாள் பெருகிக்கொண்டிருக்கும். மழை பெய்யாமலே அது பெருகும். வெயில் ஏற ஏற அதன் நீரும் ஏறும். தென்னாட்டு ஆற்றை வற்றச் செய்யும் வெயில், வடநாட்டு ஆற்றை எவ்வாறு வளர்க்கின்றது?

இதற்குரிய விடை அவ்வாறுகளின் பிறப்பிடங்களில் உள்ளது. காவிரி குடகு மலையில் தலைக்காவிரியில் தோன்றுகின்றது. அம்மலையில் பனிக்கட்டி உறைவதில்லை. பருவமழை ஒன்றே காவிரிக்குத் தாய். மழை குறைந்தால் ஆறும் குறையும். ஆகவே, பெய்யும் காலத்து நீரைப் பெய்யாத காலத்திற்குச் சேமித்து வைக்க மேட்டூர் அணை கட்டப்பட்டு, 1934 ஆம் ஆண்டில் நிறைவு பெற்றது. கங்கைக்கோ, மழையோடு வேறொரு சேமிப்பும் உண்டு. இமயத்தின் உச்சியில் பெய்யும் பனி, மலையிடுக்குகளில் கட்டியாக உறைந்து கிடக்கின்றது. கோடையில் அது சிறிது சிறிதாக உருகி ஆற்றுக்கு நீர் அளிக்கின்றது. மேட்டூர் மனிதர் கட்டிய நீர்க்களஞ்சியம். இமயத்துப் பனி இயற்கை கட்டிய நீர்க்களஞ்சியம்.

இக்களஞ்சியம் அணைநீரைப் போல் அசையாது நிற்பதன்று, அஃது ஓடுவது. ஆதலின் அதற்குப் பனியாறு என்பது பெயர். பனியாறு தோன்றும் முறை அறியத்தக்கது. மிக உயர்ந்த மலைகளில் ஓராண்டு பெய்த பனி முழுவதும் உருகுமுன் அடுத்த ஆண்டின் பனி அதன்மேல் விழுகின்றது. முதலில் பஞ்சுபோல் மென்மையாக இருக்கும் பனி, மேலுள்ள சுமையால் அழுந்திச் சிறு மணிகளாகின்றது. மணிகளுக்கிடையே உள்ள காற்று வெளியேற, அவை ஒன்றோடொன்று இறுகிப் பனிக்கட்டியாகின்றன. இவ்வாறு பல ஆண்டுகள் படிந்து கனத்த பனிக்கட்டி, தன் எடையாலேயே சரிவை நோக்கி மெல்ல நகரத் தொடங்குகின்றது.

பனிக்கட்டி கல்போல் இறுகியது. அஃது எவ்வாறு ஓடும் என்ற ஐயம் முற்காலத்து அறிஞர்க்கும் இருந்தது. ஏறத்தாழ 1840 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் லூயி அகாசி என்பார் ஆல்ப்ஸ் மலைப் பனியாறு ஒன்றின் குறுக்கே, ஒரு கரையிலிருந்து மறு கரை வரை நேர்வரிசையில் கழிகளை நடச் செய்தார். ஓராண்டு கழித்துப் பார்த்தபொழுது அவ்வரிசை வில்போல் வளைந்திருந்தது. நடுவிலிருந்த கழிகள் மிகுதியாகவும், ஓரத்திலிருந்தவை குறைவாகவும் நகர்ந்திருந்தன. நீரோடும் ஆற்றிலும் நடுவில் விரைவு மிகும்; கரையோரத்தில் குறையும். ஆற்றின் இயல்பே பனியாற்றுக்கும் உண்டென்பது இதனால் தெளிவாயிற்று.

இவ்வுண்மையை உருக்கத்தோடு உணர்த்திய நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. 1820 ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் சிகரத்தில் ஏறிய குழுவொன்றைப் பனிச்சரிவு தாக்கிற்று. வழிகாட்டிகள் மூவர் ஆழ்ந்த பனிப்பிளவில் வீழ்ந்து மறைந்தனர். பனியாறுகளின் வேகத்தை அளந்து வந்த ஃபோர்ப்ஸ் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர், அவர்களுடைய உடல்கள் சுமார் நாற்பது ஆண்டுகளில் அடிவாரத்தில் வெளிப்படும் என்று கணித்தார். 1861 ஆம் ஆண்டில் அவ்வாறே பனியாற்றின் கீழ்முனையில் அவர்களுடைய எச்சங்கள் வெளிவந்தன. கண்ணுக்குப் புலனாகாத அந்த ஓட்டம் ஒரு நாளும் ஓய்ந்திருக்கவில்லை.

இந்தியாவில் மக்கள் சென்று காணும் பனியாறுகளுள் ஒன்று, உத்தரகாண்ட் மாநிலத்திலுள்ள கங்கோத்ரிப் பனியாறு ஆகும். அதன் நீளம் சுமார் 30 கிலோமீட்டர். சௌகம்பா மலையின் அடிவாரத்தில் தொடங்கும் இப்பனியாற்றில் பல கிளைப் பனியாறுகள் வந்து கலக்கின்றன. அதன் கீழ்முனையில் ஒரு குகை போன்ற வாயிலிலிருந்து பாகீரதி பொங்கி வெளிவருகின்றது. அவ்விடத்திற்குக் கோமுகம் என்பது பெயர். பசுவின் முகம் என்பது அதன் பொருள். பாகீரதி தேவப்பிரயாகையில் அளகநந்தையோடு கூடிய பின்னரே கங்கை என்னும் பெயரைப் பெறுகின்றது.

கங்கை நீருக்கும் காவிரி நாட்டுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. முதலாம் இராசேந்திர சோழனின் படை கங்கைக் கரை வரை சென்று, அந்நீரைக் குடங்களில் கொணர்ந்தது. அவ்வெற்றியின் நினைவாகவே கங்கைகொண்ட சோழபுரம் எழுந்தது. அங்கு அம்மன்னன் வெட்டுவித்த சோழகங்கம் என்னும் பேரேரியை, நீராலாகிய வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகின்றது. அன்று படை நடந்த நெடுவழியை இன்று புகைவண்டி சில நாட்களில் கடந்துவிடுகின்றது.

வலங்கைமானிலிருந்து புறப்படுவோர் அருகிலுள்ள கும்பகோணத்தில் புகைவண்டி ஏறிச் சென்னை, தில்லி வழியாக அரித்துவாரத்தை அடையலாம். அங்கிருந்து ரிஷிகேசம், உத்தரகாசி வழியாக மலைச்சாலை செல்கின்றது. உத்தரகாசிக்கு அப்பால் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்கு மேல் 3,000 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில் கங்கோத்ரி உள்ளது. அங்குள்ள கங்கை கோயில் அட்சய திருதியை நாளில் திறக்கப்பட்டுத் தீபாவளியை ஒட்டி மூடப்படுகின்றது. பின்னர் அவ்விடம் பனியால் மூடப்பெறும்.

கங்கோத்ரியிலிருந்து கோமுகத்திற்கு ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அவ்வழி கங்கோத்ரித் தேசியப் பூங்காவினூடே செல்கின்றது. நாள்தோறும் 150 பேருக்கே வனத்துறை இசைவு வழங்குகின்றது. ஒரு புறம் செங்குத்தான மலை. மறுபுறம் ஆழத்தில் ஆரவாரிக்கும் பாகீரதி. தேவதாரு மரங்களின் நிழலில் தொடங்கும் வழி, சீர்பாசா என்னும் இடத்தில் பைன் மரக்காட்டை அடைகின்றது. அதற்கு மேல் மரங்கள் குறைகின்றன. பாரல் எனப்படும் நீலநிற மலையாடுகள் செங்குத்தான பாறைகளில் அச்சமின்றித் தாவி மேய்வதைக் காணலாம். பதினான்காம் கிலோமீட்டரை ஒட்டிப் போஜ்பாசா வருகின்றது. பூர்ஜ மரங்கள் செழித்திருந்தமையால் அவ்விடம் அப்பெயர் பெற்றது. காகிதம் இல்லாத காலத்தில், தென்னாட்டார் பனையோலையில் எழுதியது போல, வடநாட்டார் இம்மரத்தின் பட்டையில் எழுதினர். யாத்திரிகர் விறகுக்காக வெட்டியதால் இம்மரங்கள் அருகின. 1981 ஆம் ஆண்டில் நந்தாதேவிச் சிகரத்தில் ஏறிய வீராங்கனை ஹர்ஷ்வந்தி பிஷ்ட், பிற்காலத்தில் இங்குப் பூர்ஜக் கன்றுகளை நட்டு வளர்க்கும் பணியை மேற்கொண்டார்.

போஜ்பாசாவில் இரவு தங்குவோர், விடியற்காலையில் கோமுகம் நோக்கிப் புறப்படுவர். பளிங்குபோல் வெண்மையான ஆற்றைக் காணலாம் என்று கருதிச் செல்வோர் முதலில் வியப்படைவர். பனியாற்றின் மேற்பரப்பு பெரும்பாலும் கல்லும் மண்ணும் மூடிக் கிடக்கும். ஓடும் பனியாறு மலைச்சரிவுகளை அரைத்துக்கொண்டு வருவதால், பாறைகள் அதன் முதுகிலும் பக்கங்களிலும் குவிகின்றன. பனிக்கட்டி பிளந்த இடங்களிலேதான் அதன் நீலநிறம் தெரியும். வெளிவரும் நீரும் தெளிந்ததன்று. மாவுபோல் அரைபட்ட பாறைத்தூள் கலந்து சாம்பல் நிறமாக இருக்கும். மலைகள் இவ்வாறு அரைபட்டுக் கரைந்து வந்த வண்டலும் கங்கைச் சமவெளியின் வயல்களுக்கு உரமாயிற்று.

உரிய இசைவும், தேர்ந்த வழிகாட்டியும், உடல் வலிமையும் உடையோர் கோமுகத்தைக் கடந்து தபோவனம் என்னும் உயர்ந்த புல்வெளியை அடைவர். அதன் எதிரே 6,543 மீட்டர் உயரமுள்ள சிவலிங்கச் சிகரம் ஓங்கி நிற்கின்றது. 1974 ஆம் ஆண்டில் இந்தோ திபெத்திய எல்லைக் காவற்படையினர் அதன் உச்சியை முதன்முதலாக அடைந்தனர். கூடாரமிட்டுத் தங்குதல், மலைப்பூக்களையும் பறவைகளையும் ஆராய்தல், சிகரங்களைப் படம் பிடித்தல் ஆகியவை இங்கு வருவோர்க்கு இன்பமளிக்கும் பொழுதுபோக்குகள்.

பனியில் ஏறும் கலையை முறையாகக் கற்க விரும்புவோர்க்கு 1965 ஆம் ஆண்டு உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிலையம் நிறுவப்பட்டது. கூரிய முட்கள் பொருத்திய காலணியை அணிந்து பனிச்சரிவில் நடத்தல், பனிக்கோடரியால் படி வெட்டுதல், ஒரே கயிற்றில் பலர் பிணைந்து செல்லுதல், பிளவில் வீழ்ந்தவரை மீட்டல் முதலியவை இத்தகைய பயிற்சியில் இடம்பெறுகின்றன. உத்தரகாசிப் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்த பச்சேந்திரி பால் இந்நிலையத்தில் பயின்றவர். 1982 ஆம் ஆண்டில் அவர் கங்கோத்ரிச் சிகரம் ஒன்றில் ஏறினார். 1984 ஆம் ஆண்டு மே 23 ஆம் நாள் எவரெஸ்டின் உச்சியை அடைந்து, அச்சிறப்பைப் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி ஆனார்.

பனியாற்றின் அழகை விரும்புவோர் அதன் இடரையும் அறிதல் வேண்டும். கடல் மட்டத்தை ஒட்டிய தாழ்நிலத்தில் வாழ்ந்தவர்க்கு 4,000 மீட்டர் உயரம் புதிது. அங்குக் காற்றழுத்தம் தாழ்நிலத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே. விரைந்து ஏறினால் தலைவலியும் குமட்டலும் மூச்சுத்திணறலும் உண்டாகும். இடையிடையே தங்கி, உடலைப் பழக்கி, மெல்ல ஏறுதலே முறை. நோய் மிகுமாயின் உடனே கீழே இறங்குதலே சிறந்த மருந்து. பனியில் பட்டு மீளும் ஒளி கண்ணைக் கெடுக்குமாதலின், கருங்கண்ணாடி அணிதல் வேண்டும். கோமுகத்தின் பனிச்சுவரிலிருந்து பெரும் பனிப்பாளங்கள் முன்னறிவிப்பின்றி விழும். அதன் அடியில் சென்று நிற்றல் தகாது. புதுப்பனி மூடிய பிளவுகள் கண்ணுக்குத் தெரியா. ஆதலின் வழிகாட்டியின் அடிச்சுவட்டை விட்டு விலகுதல் கூடாது.

இவ்வளவும் அறிந்து செல்வோரையும் மலை சிலபோது வென்றுவிடுகின்றது. 2022 ஆம் ஆண்டு அக்டோபர் 4 ஆம் நாள், உத்தரகாசி மாவட்டத்துத் திரௌபதி கா தண்டா என்னும் சிகரத்தில் ஏறிய பயிற்சிக் குழுவினர் மீது பனிச்சரிவு விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். மலையின்முன் பணிவு வேண்டும் என்பதை இத்துயரம் உணர்த்துகின்றது.

மனிதர்க்குப் பனியாற்றால் இடர் நேர்வது போலவே, பனியாற்றுக்கும் இன்று இடர் நேர்ந்துள்ளது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் எழும் வளிகள் உலகின் வெப்பத்தைக் கூட்டுகின்றன. மேலே சேரும் பனியினும் கீழே உருகும் பனி மிகுந்தால், பனியாற்றின் முனை பின்வாங்கும். கங்கோத்ரிப் பனியாற்றின் முனையை நிலவியல் அறிஞர் 1935 ஆம் ஆண்டில் அளந்து குறித்தனர். அன்றுமுதல் இன்றுவரை அது ஒரு கிலோமீட்டருக்கும் மேலாகப் பின்வாங்கியுள்ளது. ஒரு தலைமுறையினர் கோமுகம் என்று வணங்கிய இடத்தில், அடுத்த தலைமுறையினர் கற்குவியலையே காண்கின்றனர்.

களஞ்சியத்தில் இடுவது குறைந்து எடுப்பது மிகுந்தால் என்னாகும் என்பதை உழவர் வீட்டுப் பிள்ளைக்கு எவரும் சொல்ல வேண்டுவதில்லை. பனி மிகுதியாக உருகுங்கால் ஆறு சில காலம் பெருகித் தோன்றும். விதைநெல்லையும் விற்றுச் செலவிடும் வீட்டின் செழிப்பைப் போன்றது அது. பனி குறைந்த பின்னர் கோடைநீரும் குறையும். கங்கையின் நீரில் பெரும்பகுதி மழையால் வருவதே எனினும், மழையற்ற கோடையில் மலைநாட்டு ஆறுகளைத் தாங்குவது பனியே. கோடை ஆற்றில் நீர் இல்லாமையின் துன்பத்தைக் காவிரிக்கரை மக்கள் நன்கு அறிவர்.

ஆகவே, பனியாற்றைக் காணச் செல்வோர்க்குச் சில கடமைகள் உள. கொண்டுசென்ற பொருள்களின் கழிவை அங்கு விடாமல் திரும்பக் கொணர்தல் வேண்டும். மரங்களை முறித்து எரித்தல் கூடாது. விலங்குகளை அச்சுறுத்தல் ஆகாது. அங்குச் செல்லாதவர்க்கும் கடமை உண்டு. எரிபொருளையும் மின்சாரத்தையும் வீணாக்காது சிக்கனமாகப் பயன்படுத்துவோர், எங்கிருப்பினும், அப்பனிக்களஞ்சியத்தைக் காப்பதில் ஒரு பங்கு கொள்கின்றனர். குடமுருட்டிக் கரையில் ஏரியும் குளமும் தூர் எடுத்து மழைநீரைக் காப்பவர்களும், இமயத்தில் பூர்ஜக் கன்று நடுபவர்களும் செய்வது ஒரே தொண்டு. நீர் இருக்கும் காலத்திலேயே அதன் அருமையை உணர்ந்து காத்தல் அறிவுடையோர் செயலாகும்.