தாய்க்குக் கொள்ளி வைக்க வராத தம்பி

எங்கள் பக்கத்தில் தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பான், தாய்க்கு இளைய மகன். தொண்டைமானாற்றில் அம்மாவின் செத்தவீடு நடந்தபோது சின்னத்தம்பி பாரிசில் இருந்தான். அகதி வழக்கு முடியவில்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போகேலாது. ரொறன்ரோவிலிருந்து வந்த பெரியதம்பிதான் கொள்ளி வைத்தான். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. நான் படலையோடு நின்றுவிட்டேன். சின்னத்தம்பி எல்லாவற்றையும் போனில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அம்மாவுக்கு நான் ஒண்டுமே செய்யேல்லை" என்று இரவிரவாக அழுவான். பெரியதம்பி அழவில்லை, பந்தல், ஐயர், சாப்பாடு என்று ஓடித் திரிந்தான். அம்மா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் குளிப்பாட்டி ஊட்டிய எனக்கு முதலில் வந்தது ஆறுதல். அழுகை பிறகுதான் வந்தது. ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்கும் துக்கம் ஒரேமாதிரி வராது. இது விளங்காத வீடுகளில்தான் "நீ வந்து பார்த்தனியோ", "நீ அழுதனியோ" என்ற கதை எழும்புகிறது.

காடாத்து, எட்டுச்செலவு, முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி என்று எங்கள் சடங்குகள் துக்கக்காரரின் கைக்கு வேலை கொடுக்கின்றன. தூரத்தில் இருப்பவனுக்கு மட்டும் வேலையில்லை. அதனால் அந்தியேட்டியில் கொடுக்கும் நினைவுமலரைச் சின்னத்தம்பியின் பொறுப்பில் விட்டோம். மாமிமார், சித்திமார், அம்மாவோடு படித்தவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து விசாரித்தான். 1987 வடமராட்சித் தாக்குதலில் அம்மா எங்களை இழுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடிய கதையை மூவருமாகச் சொல்லிச் சொல்லி எழுதினோம். எனக்கு ஷெல் சத்தம் நினைவு, பெரியதம்பிக்குப் பசி. சின்னவன் அன்று அம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தை. அவனுக்கு நாங்கள்தான் சொன்னோம். இப்படியான மலர்கள் பலவற்றை நூலகம் நிறுவனம் இணையத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. ஊர் வரலாறு தேடுகிறவர்களுக்கும் அவை உதவும்.

எட்டுச்செலவுப் பந்தியிலேயே ஒரு உறவினர் காணிக்கதையை எடுத்தார். "அந்தியேட்டி முடியட்டும்" என்று பெரியதம்பி நிறுத்தினான். அவன் செய்ததே சரி. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை, சீதனம் பெற்ற மகள் அந்தச் சீதனத்தோடு அமைய வேண்டும் என்றது. அந்தப் பழைய வழமையை வைத்து இன்றும் அக்கா தம்பிமார் கோபித்துக்கொள்கிறார்கள். பிரிக்காத காணியில் தன் பங்கை விற்க நினைப்பவர் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்க வேண்டும் என்று 1947ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆகவே ஒருவருக்கும் தெரியாமல் காணி கைமாறிவிடும் என்ற பயத்தில் செத்தவீட்டிலேயே அவசரப்படத் தேவையில்லை.

ஆடி அமாவாசை தகப்பனுக்கு, சித்திரா பௌர்ணமி தாய்க்கு. அந்தப் பௌர்ணமிக்கு மூன்று நாட்டிலும் மூவரும் விரதம் பிடிக்கிறோம்.

வர ஏலாத சகோதரம் உங்கள் வீட்டிலும் இருந்தால், அந்தியேட்டிக்கு முன்னரே அவருக்கென்று ஒரு வேலையை ஒதுக்குங்கள். காணி உறுதியை அதற்குப் பிறகு எடுங்கள்.