ஸ்டாக்ஹோம் ஜன்னலும் தக்கலை வெயிலும்

வணக்கம் மக்களே. புதுசா கேக்கிறவங்களுக்கு: எங்க ஊர்ல ‘மக்களே’ன்னா பாசமா கூப்பிடுறது, மேடைப் பேச்சு இல்ல.

இன்னைக்கு வீட்டு விஷயம். தக்கலை பக்கத்துல இருக்கிற எங்க வீட்டை புதுப்பிக்கிறோம். இந்த கிறிஸ்துமஸுக்குள்ள ‘ஸ்கேண்டி’ லுக் வந்துடணும்னு அக்காவுக்கு ஆசை. வெள்ளைச் சுவர், வெளிர் நிற மரம், பழைய மர ஜன்னலை எடுத்துட்டு பெரிய கண்ணாடி, நவம்பர் நடுவுலயே நட்சத்திரம். அவ அனுப்புன படங்கள் அழகாத்தான் இருக்கு. ஆனா நாங்க ரெண்டு பேருமே பெங்களூர்ல. போட்டோ எடுக்கிறது டிசம்பர்ல, அந்த வீட்டுக்குள்ள ஏப்ரலைக் கழிக்கப் போறது அம்மாவும் அப்பாவும். கழட்டுன ஜன்னலை திரும்ப மாட்ட முடியாது. அதனால இந்த டிசைன் எந்தப் பிரச்சினைக்கு விடையா வந்ததுன்னு தேடினேன்.

ஸ்டாக்ஹோம் இருக்கிறது 59 டிகிரி வடக்கே. டிசம்பர் கடைசியில அங்க பகல் சுமார் 6 மணி நேரம். மதியம் மூணு மணிக்கே இருட்டிடும். வெளிச்சம் அங்க ரேஷன் பொருள் மாதிரி. பெரிய ஜன்னல் வழியா கிடைக்கிறதை வாங்கி, வெள்ளைச் சுவர்ல தட்டி, அறை முழுக்கப் பரப்புறாங்க. பைனும் பிர்ச்சும் அவங்க காட்டு மரம், அதான் அந்த வெளிர் நிறம். ஃபேஷனா நமக்குத் தெரியிறது அவங்களுக்கு சிக்கனம்.

நாகர்கோவில் 8 டிகிரில இருக்கு. நம்ம வருஷத்தோட ரொம்பச் சின்னப் பகலே பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல. ஏப்ரல் நடுவுலயும் ஆகஸ்ட் கடைசியிலயும் சூரியன் நேர் உச்சியில நிக்கும். அங்க பற்றாக்குறை, இங்க வெள்ளம். வேற சர்வருக்கு எழுதுன கான்ஃபிக் ஃபைலை அப்படியே காப்பி பண்ணா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

நம்ம ஊருக்கான விடை எங்க வீட்டுல இருந்து கூப்பிடு தூரத்துல இருக்கு: பத்மநாபபுரம் அரண்மனை. 1795 வரைக்கும் திருவிதாங்கூரின் தலைநகர். (இருக்கிறது தமிழ்நாட்டுல, பராமரிக்கிறது கேரள தொல்லியல் துறை. அது தனி எபிசோட்.) அங்க மந்திரசாலைக்குள்ள போய் நில்லுங்க. சாய்ஞ்ச மரச்சட்டங்கள் வழியா காத்து வரும், வெயில் வராது. ஜன்னல்ல மைக்கா தகடு. தரை கண்ணாடி மாதிரி பளபளக்கிற கறுப்பு. ஓட்டுக் கூரை தாழ்வா இறங்கி சுவரையே நிழல்ல வச்சிருக்கும். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே கண்ணும் உடம்பும் ஒண்ணா ஆறும். அந்த அரையிருட்டைக் குறைன்னு சொல்றவங்க மே மாசம் வந்து பார்த்ததில்லன்னுதான் நான் நினைப்பேன்.

இதுல வேடிக்கை என்னன்னா, ஸ்கேண்டி கொள்கையும் இதேதான். கையில கிடைக்கிற மரம், தேவையான அளவு பொருள், பருவத்துக்கு ஏத்த ஜன்னல். நாம கொள்கையை விட்டுட்டு கலரை மட்டும் இறக்குமதி பண்றோம். ரெண்டு மழைக்காலமும் கரையானும் உள்ள ஊர்ல சாதா பைன் பலகை எவ்வளவு நாள் தாங்கும்? எங்க பழைய ஜன்னல் பலாமரம். தாத்தா காலத்துல இருந்து அசையாம நிக்குது.

வெள்ளை பெயிண்ட் வேண்டாம்னு சொல்லல. அதை மொட்டை மாடியில அடிங்க. அங்க அது வெயிலைத் திருப்பி அனுப்பும், கீழே அறை சூடு குறையும். ஹாலுக்குள்ள பளிச் வெள்ளையும் பெரிய கண்ணாடியும் சேர்ந்தா கண் கூசும், அப்புறம் பகல் பூரா திரைச்சீலையை இழுத்து விட்டுட்டு லைட் போட்டு உக்காருவோம்.

நட்சத்திரத்துக்கு வருவோம். சுவீடன்ல ஆட்வென்ட் முதல் ஞாயிறுக்கே, அதாவது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவுல, ஜன்னல்ல நட்சத்திரம் ஏத்திடுவாங்க. தெருவே இருட்டா இருக்கிறப்ப அது நியாயம். நம்ம பக்கம் அந்த வாரம் வடகிழக்குப் பருவமழை, போதாக்குறைக்கு கோட்டாறு சவேரியார் திருவிழா. டிசம்பர் 3 தேர் எல்லாம் முடியாம எங்க வீட்ல கிறிஸ்துமஸ் பேச்சே எடுக்க மாட்டாங்க. மூங்கில் சட்டத்துல கலர் பேப்பர் ஒட்டுன நட்சத்திரம் நவம்பர் மழைக்கு ரெண்டு நாள் தாங்காது.

அக்காகிட்ட பேசினேன். ரெண்டு நாள் “உனக்கு ரசனையே இல்லலே”ன்னு திட்டினா. மூணாவது நாள் அவளே அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டா. அம்மா கண்ணாடியைப் பத்தி ஒண்ணுமே சொல்லல. “மதியம் ஜன்னல் பக்கத்துல பாய் போட்டுப் படுப்பேன், அந்த இடம் மட்டும் சூடாகாமப் பார்த்துக்கோங்க”ன்னு சொன்னாங்க.

பலாமர ஜன்னல் அப்படியே இருக்கு. சாண்ட் பேப்பர் போட்டு எண்ணெய் பூசுற வேலை இந்த வாரம் ஆரம்பம். மாடிக்கு வெள்ளை. ஹால்ல பிர்ச் நிறத்துல ஒரு சின்ன ஷெல்ஃப், அது அக்காவோட பங்கு. நட்சத்திரம் டிசம்பர் 4, ஓட்டுக்கு உள்பக்கமா, சாரல் படாத இடத்துல.