கணிதத்தில் எம்.எஸ்ஸி. பட்டம் பெறும் வழி

சென்ற கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வடகரப்பதியில் என் வீட்டுத் திண்ணைக்குப் பக்கத்து வீட்டு அக்கா தம் மகளுடன் வந்தார். அவர் கஞ்சிக்கோட்டு ஆலை ஒன்றில் வேலை செய்பவர். மகள் அப்போதுதான் பத்தாம் வகுப்புத் தேறியிருந்தாள்.

“ஏனுங்க தம்பி, இவ கணக்குலதான் எம்.எஸ்ஸி. வரைக்கும் படிப்பேன்னு நிக்கறா. அதுக்கு என்னென்ன வேணும்னு விசாரிச்சுச் சொல்லுங்க” என்றார்.

நான் புகைவண்டி நிலையக் குமாஸ்தா. என் படிப்புப் பத்தாம் வகுப்போடு நின்றது. ஆயினும் பயணச்சீட்டு மேடையில் அமர்ந்தவன், வழி கேட்டு வந்தவரை வெறுங்கையுடன் அனுப்புதல் முறையன்று. ஆகவே பலரிடம் கேட்டறிந்தேன். நம் அன்பர் பலருக்கும் பயன்படும் என்பதால் அதனை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அறிய வேண்டுவது ஒன்று. எம்.எஸ்ஸி.க்கு உரிய முதல் தகுதி கல்லூரியில் தீர்மானமாவதன்று. பதினைந்து வயதில், பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் தீர்மானமாகிறது. கணித எம்.எஸ்ஸி.யில் சேரப் பொதுவாகக் கணிதத்தை முதன்மைப் பாடமாகக் கொண்ட பி.எஸ்ஸி. பட்டம் வேண்டும். அந்த பி.எஸ்ஸி.யில் சேரப் பிளஸ் டூவில் கணிதம் ஒரு பாடமாக இருந்திருத்தல் வேண்டும். விஞ்ஞானப் பிரிவென்றால் கணிதமும் அதில் இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கணிதம் இல்லாத விஞ்ஞானப் பிரிவுகளும் உண்டு. கணிதத்தோடு கூடிய வணிகப் பிரிவும் உண்டு. பிரிவின் பெயரைப் பார்த்துக் கையொப்பமிடாமல், அதிலுள்ள நான்கு பாடங்களையும் படித்துப் பார்த்துக் கையொப்பமிடுக. வண்டி சந்திப்பைக் கடந்தபின் பாதை மாறுவது எளிதன்று.

இனிக் காலக்கணக்கு. பிளஸ் டூவுக்கு இரண்டாண்டு, பி.எஸ்ஸி.க்கு மூன்றாண்டு, எம்.எஸ்ஸி.க்கு இரண்டாண்டு, ஆக ஏழாண்டு. கேரளத்தில் 2024-ஆம் ஆண்டு முதல் நான்காண்டு ஆனர்ஸ் பட்டப் படிப்பும் நடைமுறைக்கு வந்துள்ளது. மூன்றாண்டில் பட்டத்துடன் வெளியேறலாம். நான்காம் ஆண்டையும் முடித்தவர் ஓராண்டில் முதுநிலைப் பட்டம் பெறப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி இடமளிக்கிறது. எவ்வழிச் சென்றாலும் கூட்டுத்தொகை ஒன்றே.

சேர்வதற்கு இரு வாயில்கள் நமக்கு அண்மையில் உள்ளன. ஒன்று, 1968-இல் நிறுவப்பட்ட கோழிக்கோடு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கல்லூரிகள். பாலக்காட்டு அரசு விக்டோரியா கல்லூரி அவற்றுள் ஒன்று. இங்கே எம்.எஸ்ஸி. நான்கு பருவங்களாக நடைபெறும். வருகைப் பதிவு நூற்றுக்கு 75 இருத்தல் வேண்டும். தேர்வுகளோடு, இறுதியில் ஓர் ஆய்வேடும் வாய்மொழித் தேர்வும் உண்டு.

மற்றொன்று பாலக்காடு ஐ.ஐ.டி. 2015-ஆம் ஆண்டில் அது முதல் வகுப்பைத் தொடங்கியது நம் கோழிப்பாறையிலிருந்த தற்காலிக வளாகத்திலேதான் என்பதை நம் பிள்ளைகள் அறிதல் நன்று. அங்கே எம்.எஸ்ஸி. சேர ‘ஜாம்’ என்னும் அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, பிப்ரவரித் திங்களில், கணிப்பொறியில் நடைபெறும். மூன்று மணி நேரம், 60 வினாக்கள், 100 மதிப்பெண். முதற்பகுதியில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பர். வயது வரம்பு இல்லை. வினாக்கள் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ்வழிப் படித்த பிள்ளைகள் கலைச்சொற்களைப் பிளஸ் ஒன் முதற்கொண்டே இரு மொழியிலும் எழுதிப் பழகுதல் நலம்.

அங்கே கற்பது யாது? பள்ளிக் கணக்கின் பெரிய உருவம் அன்று. 1, 3, 5, 7 என்னும் ஒற்றை எண்களைக் கூட்டினால் 16. அது நான்கின் வர்க்கம். பள்ளியில் இவ்வளவு கண்டால் மகிழலாம். மேற்படிப்பிலோ, எத்தனை ஒற்றை எண்களை முதலிலிருந்து வரிசையாகக் கூட்டினும் அவ்வாறே வரும் என்பதை ஐயமற நிறுவ வேண்டும். இயற்கணிதம், பகுப்பாய்வு, இடத்தியல் ஆகிய பாடங்கள் யாவும் இத்தகைய நிறுவல்களால் ஆனவையே. விரைந்து கணக்கிடும் திறனைவிட, ஒரு வினாவோடு நாள் கணக்கில் அமர்ந்திருக்கும் பொறுமையே இங்குப் பெரிதும் வேண்டப்படுவது.

“இராமானுஜன் பட்டமா வாங்கினார்?” என்று சிலர் கேட்பர். கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களில் தவறியதால் அவர் உதவித்தொகையை இழந்தார், எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருடைய ஆராய்ச்சிக்காகப் பி.ஏ. பட்டம் அளித்தது. அவர் பட்ட துன்பத்தை நம் பிள்ளைகள் படவேண்டுவதில்லை. ஆங்கிலம் முதலிய பிற பாடங்களையும் புறக்கணித்தல் ஆகாது.

இவற்றையெல்லாம் கேட்டபின் அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ஏழு வருசமுங்களா?” என்றார். அவ்வொரு சொல்லில் வீட்டு வாடகையும் மளிகைக் கடனும் அடங்கியிருந்தன.

அந்தக் கவலை நியாயமானதே. ஆயினும் பயனும் உண்டு. எம்.எஸ்ஸி.யோடு பி.எட். பட்டமும் ‘செட்’ தேர்வும் பெற்றவர் கேரளத்து மேல்நிலைப் பள்ளிகளில் ஆசிரியராகலாம். ‘நெட்’ தேறினால் கல்லூரி ஆசிரியப் பணிக்கு உரியவராவர், அதற்கு எம்.எஸ்ஸி.யில் பொதுப்பிரிவினர் நூற்றுக்கு 55 மதிப்பெண் பெற்றிருத்தல் வேண்டும். பி.எஸ்ஸி. முடித்ததும் சம்பாதிக்க நேர்ந்தோர்க்கு இந்திராகாந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், கணினிப் பயன்பாட்டோடு கூடிய கணித எம்.எஸ்ஸி.யை அஞ்சல் வழியே படிக்கும் வாய்ப்பும் உள்ளது. பட்டியல் இனத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் கேரள அரசின் ‘இ-கிராண்ட்ஸ்’ உதவித்தொகை உண்டு. சான்றிதழ்களை விண்ணப்ப வேளைக்கு முன்பே பெற்று வைத்துக்கொள்க.

நான் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் பிளஸ் ஒன் விண்ணப்பத்தை என்முன் நீட்டினாள். நான்கு பாடங்களையும் உரக்கப் படித்தோம். மூன்றாவதாகக் கணிதம் இருந்தது. அக்கா தம் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, தமிழில் கையொப்பமிட்டார்.