நடுக்குவாதமும் மாயத்தோற்றமும்

இன்று தம் பெயரால் வழங்கும் நடுக்குவாதத்தை 1817இல் விவரித்த இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன், அந்நோயிற் புலன்களும் அறிவும் பழுதுறா என்றே கருதினார். பிற்கால ஆராய்ச்சி அக்கருத்தைத் திருத்தியது. இந்நோயாளர் பலர் இல்லாத மனிதரையும் விலங்குகளையும் காண்கின்றனர். அருகில் யாரோ நிற்பதாக உணர்கின்றனர். தொடக்கத்தில் அவை பொய்யென அறிவர்; அத்தெளிவு மங்கின் ஐயமும் அச்சமும் மிகும்.

மூளையின் நோய்மாற்றங்களோடு, குறைந்த டோபமினை ஈடுசெய்யும் மருந்தும் இதற்குக் காரணமாகலாம். ஆயினும் உடலியக்கத்தைக் காப்பது அம்மருந்தே. அதனைத் திடீரென நிறுத்துதல் ஆபத்தானது. மனநோய் மருந்துகள் பலவோ டோபமினைத் தடுத்து உடலை மேலும் விறைக்கச் செய்யும். குளோசபின் போன்ற சிலவே பொருந்தும். பித்தரென உலகம் பழிக்குமென்று அஞ்சி நோயாளர் மறைப்பதுண்டு. பரிவுடன் வினவி வைத்தியருக்கு உரைத்தல் சுற்றத்தார் கடனாகும்.