உங்களுக்குத் தெரியுமா? ஊசியில் போவது எத்தனை தட்டணுக்கள்?

டெங்கு வந்த வீட்டில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: “பிளேட்லெட் எவ்வளவு?” அந்தப் பிளேட்லெட்தான், அதாவது தட்டணுதான், நம் ரத்தத்திலிருந்தே தட்டணு செறிந்த பிளாஸ்மாவைப் பிரித்து ஊசியாகப் போடும் பி.ஆர்.பி. சிகிச்சையின் மூலப்பொருள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்கும். இதற்கு உட்கரு கிடையாது. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பெரிய செல்களிலிருந்து பிய்ந்து வரும் துணுக்கு இது. ஆயுள் எட்டு முதல் பத்து நாள். காயம் பட்ட இடத்தில் ஒட்டி ரத்தத்தை நிறுத்துவது இதுதான் என்று 1882-ல் எடுத்துக்காட்டியவர் இத்தாலிய மருத்துவர் ஜூலியோ பிட்ஸோஸெரோ.

ரத்தத்தை உறைய வைப்பதோடு தட்டணுவின் வேலை முடிந்துவிடுகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றியது இதய நோய் ஆராய்ச்சி. ரத்தக்குழாய்ச் சுவரில் தசைச் செல்கள் ஏன் பெருகி அடைப்பை உண்டாக்குகின்றன என்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ரஸ்ஸல் ராஸ் குழுவினர் தேடிக்கொண்டிருந்தார்கள். உறைந்த ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தில் வளர்த்தால் அந்தச் செல்கள் மளமளவென்று பெருகின. தட்டணுக்களை முதலிலேயே நீக்கிவிட்டு எடுத்த சீரத்தில் வளர்த்தால் அப்படியே கிடந்தன. தட்டணுக்களிலிருந்து வந்த பொருளைச் சேர்த்ததும் மறுபடி பெருக ஆரம்பித்தன. இது நடந்தது 1974-ல். தட்டணுவின் உள்ளே இருக்கும் நுண்பைகளில் வளர்ச்சிக் காரணிகள் அடைபட்டிருக்கின்றன என்ற கதை அங்கே தொடங்கியது. காயம் ஆற்றும் சிகிச்சைக்கான வழி, மாரடைப்பைப் பற்றிய ஆய்விலிருந்து திறந்தது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

முழங்காலுக்கும் முடிக்கும் முன்னால் பி.ஆர்.பி. பேர் வாங்கியது தாடையில். கீழ்த்தாடை எலும்பை இழந்த 88 நோயாளிகளிடம் செய்த ஆய்வை 1998-ல் மயாமியைச் சேர்ந்த ராபர்ட் மார்க்ஸ் குழுவினர் வெளியிட்டார்கள். ஒட்டவைத்த எலும்போடு தட்டணுச் செறிவையும் சேர்த்தபோது எலும்பு சீக்கிரமாகவும் அடர்த்தியாகவும் வளர்ந்தது என்றார்கள். பல் மருத்துவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

விளையாட்டு வீரர்கள் வழியாகத்தான் இது ஊரறிந்த பெயரானது. 2010-ல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு, தசைக்குள் போடும் பி.ஆர்.பி. ஊசியைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. தசையைப் பெருக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்று அடுத்த ஆண்டே விலக்கிக்கொண்டது.

இனி, பலரும் கேட்காமல் விட்டுவிடும் விஷயம். பி.ஆர்.பி. என்பது ஒரு மருந்தின் பெயர் இல்லை. நம் ரத்தத்தை எடுத்து, சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தில் சுழற்றி, தட்டணு செறிந்த பகுதியைப் பிரித்தெடுக்கும் முறையின் பெயர். கனமான சிவப்பணுக்கள் அடியில் இறங்கும். வெளிர்மஞ்சள் பிளாஸ்மா மேலே நிற்கும். இரண்டுக்கும் நடுவே வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் மெல்லிய படலமாகத் தங்கும். அந்தப் படலத்துக்கு எவ்வளவு அருகில் போய் உறிஞ்சுகிறோம் என்பதைப் பொறுத்து ஊசிக்குள் வருவது மாறும். ஒரே நகரத்தில் இரண்டு கிளினிக்குகளில் தயாரித்தால் இரண்டும் வெவ்வேறு பொருளாக இருக்க வாய்ப்பு உண்டு.

‘நிமிடத்துக்கு 1500 சுற்று’ என்று எழுதிவைத்தால் போதுமா? போதாது. ரங்கராட்டினத்தில் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் நடுவில் நிற்பவருக்கும் உடம்பில் உணரும் இழுப்பு ஒன்றல்ல. அதுபோலச் சுழலும் கையின் நீளம் மாறினால் விசையும் மாறும். 10 செ.மீ. ஆரமுள்ள இயந்திரத்தில் 1500 சுற்று, புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 250 மடங்கு விசை. 15 செ.மீ. ஆரத்தில் அதே 1500 சுற்று 375 மடங்கைத் தாண்டிவிடும். அதனால்தான் கவனமான ஆய்வகங்கள் சுற்றைச் சொல்லாமல் விசையைச் சொல்கின்றன.

எண்ணிக்கைக்கு வருவோம். இதில்தான் நிறைய இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 288 பேரிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு பி.ஆர்.பி., பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். வாரம் ஒன்றாக மூன்று ஊசி. ஓர் ஆண்டு கழித்து வலியிலும் சரி, குருத்தெலும்பின் அளவிலும் சரி, குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அந்த ஊசி மருந்தில் மைக்ரோலிட்டருக்குச் சுமார் 3.25 லட்சம் தட்டணுக்கள். ஒரு ஊசி 5 மில்லி. பெருக்கிப் பார்த்தால் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 160 கோடி.

அதே 2021-ல் இந்திய மருத்துவர்கள் முன்னின்று நடத்திய மற்றொரு ஆய்வில், 150 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு 8 மில்லியில் 1000 கோடி தட்டணுக்களை முழங்காலில் செலுத்தினார்கள். ஓர் ஆண்டுவரை பலன் நின்றது என்று முடிவு. இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்து ஒன்று சரி, மற்றது தவறு என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆஸ்திரேலிய ஆய்வு பெரியது, கட்டுப்பாடு மிகுந்தது. ஆனால் ஆறு மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு அளவுகளை ஒரே பெயரில் அழைத்து ‘வேலை செய்யுமா, செய்யாதா’ என்று சண்டை போடுவதில் நியாயம் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு நோயாளிக்கும் உதவும். மைக்ரோலிட்டருக்கு 2.5 லட்சம் தட்டணு உள்ளவரின் 10 மில்லி ரத்தத்தில் இருப்பது மொத்தம் 250 கோடி. ஒன்றுகூட வீணாகாமல் பிரித்தாலும் 1000 கோடிக்கு 40 மில்லி ரத்தம் வேண்டும். 10 மில்லி மட்டும் எடுத்துக்கொண்டு அதிகச் செறிவு, அதிக அளவு என்று யாராவது சொன்னால் அந்தக் கணக்கு இடிக்கும்.

கூட்டிக்கொண்டே போனால் நல்லதா? அப்படியும் இல்லை. மைக்ரோலிட்டருக்குப் பத்து லட்சம் என்பது மார்க்ஸ் முன்வைத்த இலக்கு. அளவுக்கு மிஞ்சிய செறிவில் செல் வளர்ச்சி குறைவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

வெள்ளையணுக்களையும் மறக்கக்கூடாது. அவை கூடுதலாக இருந்தால் அழற்சி கூடும். அதனால் மூட்டுக்குள் போடும்போது அவற்றைக் குறைத்த வகையைப் பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

தட்டணு ஒருமுறை தூண்டப்பட்டுவிட்டால் காத்திருக்காது. வளர்ச்சிக் காரணிகளில் சுமார் 70 சதவீதம் முதல் பத்து நிமிடத்திலேயே வெளியேறிவிடும் என்கிறார்கள். இந்த அவசரத்துக்கு மாற்று, 2001-ல் பிரான்சில் ஷூக்ரூன் குழு கொண்டுவந்த, தட்டணு செறிந்த ஃபைப்ரின் எனப்படும் பி.ஆர்.எஃப். உறையாமல் தடுக்கும் மருந்தே சேர்க்காமல் சுழற்றினால் ஃபைப்ரின் என்ற புரத இழைகளின் வலை உருவாகும். அதில் சிக்கிய தட்டணுக்கள் நாள் கணக்கில் மெல்ல மெல்லச் சுரக்கும். இதுவும் முதலில் பல் மருத்துவத்தில்தான் நிலைத்தது.

வலி மாத்திரை விஷயம் முக்கியம். ஆஸ்பிரின் தட்டணுவை அதன் ஆயுள் முழுவதும் மந்தமாக்கிவிடும். டைக்ளோஃபெனாக், இப்யூபுரோஃபென் போன்றவையும் தற்காலிகமாக அதன் வேலையைத் தடுக்கும். ஆகவே ஊசிக்கு முன்னும் பின்னும் சில நாள் இவற்றைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள், இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தவே கூடாது.

டென்னிஸ் எல்போ எனப்படும் முழங்கை வலிக்கு பி.ஆர்.பி. பெரிய ஆறுதல் தரும் என்ற நம்பிக்கை பலமாக இருந்தது. 32 ஆய்வுகளைத் திரட்டிய 2021-ஆம் ஆண்டு காக்ரேன் அமைப்பின் ஆய்வுரை, பொருட்படுத்தத்தக்க பலன் அநேகமாக இல்லை என்றது.

சர்க்கரை நோயாளிகளின் ஆறாத புண் வேறு கதை. 2021-ல் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு, இந்தப் புண்களுக்கு 20 வாரம்வரை பி.ஆர்.பி. செலவை ஏற்க ஒப்புக்கொண்டது.

‘உங்கள் ரத்தம்தானே, ஆபத்தே இல்லை’ என்ற பேச்சை நம்பி அசட்டையாக இருந்துவிடாதீர்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமமில்லாத ஓர் அழகு நிலையத்தில் முகத்துக்கு பி.ஆர்.பி. நுண்ணூசி செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டியவற்றை அங்கே திரும்பப் பயன்படுத்தியிருந்தார்கள். ரத்தம் எடுத்த சோதனைக் குழாய்களில் பெயர்கூட ஒட்டவில்லை. ஊசியும் குழாயும் உங்கள் கண்முன் உறை பிரிக்கப்படுகின்றனவா, குழாயில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் உரிமை.

எலும்பு, தசைநாண் சிகிச்சையில் பி.ஆர்.பி. பற்றிய 105 ஆய்வுகளை 2017-ல் ஒரு குழு அலசியது. தயாரிப்பு முறையைத் திரும்பச் செய்யும் அளவுக்கு முழுதாக எழுதியிருந்தவை 10 சதவீதம். ஊசியில் என்ன, எவ்வளவு இருந்தது என்று எண்ணிக்கை தந்தவை 16 சதவீதம். சிகிச்சையை மேம்படுத்தப் புதிய இயந்திரம் தேடும் முன், செலுத்தும் மருந்திலிருந்து ஒரு துளியை எண்ணிப் பார்த்துக் குறித்துவைக்கலாம். நம் ஊர் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் இருக்கும் கருவியே அதற்குப் போதும்.

இன்னொன்று: எடுக்கும் ரத்தத்திலேயே தட்டணுவைக் கூட்ட ஒரு வழி உண்டு. உடம்பிலுள்ள தட்டணுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில் தங்கியிருக்கிறது. வேகமான உடற்பயிற்சியில் அந்த இருப்பிலிருந்து தட்டணுக்கள் ரத்தத்துக்கு வரும். 20 நிமிடம் பயிற்சி சைக்கிளை வேகமாக மிதித்தபின் எடுத்த ரத்தத்தில் தட்டணுக்கள் கூடியிருந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் 2019-ல் பதிவுசெய்தார்கள். மருந்தும் இல்லை, கூடுதல் செலவும் இல்லை.