பழைய சிந்தசைசர்களில் பழுது காணும் முறை

1982-ஆம் ஆண்டில், பம்பாயில் வாழ்ந்த திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், பத்து இந்துஸ்தானி ராகங்களை மின்கருவிகளிலேயே வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அவர் கையாண்டவை ரோலண்டு என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் ஜூபிட்டர்-8, டி.பி.-303, டி.ஆர்.-808 ஆகிய மூன்று கருவிகள். அன்று அதிகம் கவனிக்கப்படாத அவ்விசைத்தட்டு 2010-இல் மறுபதிப்புப் பெற்றபோது பல நாடுகளிலும் பேசப்பட்டது. இதற்கு முன்னரே, 1969-இல், அகமதாபாத்துத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைவாணர் டேவிட் டியூடரின் உதவியுடன் மூக் சிந்தசைசர் ஒன்று நிறுவப்பட்டிருந்தது.

அக்காலத்துக் கருவிகளுக்கு இன்று நாற்பது, ஐம்பது வயதாகிறது. ஜூபிட்டர்-8-இன் ஒலி வடிப்பானில் அமைந்த ஐ.ஆர்.3109 என்னும் சில்லைப் போன்ற உறுப்புகள் பலவற்றின் மூல உற்பத்தி நின்றுவிட்டது. ஆகவே அவசரப்பட்டுச் செய்யும் பழுதுபார்ப்பு, பழுதைவிடப் பெரிய கேடாய் முடியக்கூடும்.

இக்கருவியில் சுருதி என்பது ஒரு மின்னழுத்தமே. அலையியற்றி ஒலியை உண்டாக்குகிறது. வடிப்பான் அதன் மேற்சுரங்களைக் குறைத்துக் குணத்தை மாற்றுகிறது. பெருக்கி அதன் வலிமையை ஆள்கிறது. இவை யாவும் மின்னழுத்தத்தால் இயக்கப்படுவன. பெரும்பாலான கருவிகளில் ஒரு வோல்ட்டு கூடினால் ஒலி ஒரு ஸ்தாயி உயரும். ஸ்தாயியில் 12 சுரத்தானங்கள் உண்டாதலின், அடுத்தடுத்த இரண்டிற்கு இடைப்பட்டது சுமார் 83 மில்லிவோல்ட்டு. இரண்டு அலையியற்றிகள் 440 அதிர்வில் ஒன்றாய் ஒலிக்கையில், ஒன்றில் ஒரு மில்லிவோல்ட்டு பிசகினாலும் மூன்று நொடிக்கு ஒரு விம்மல் கேட்கும். தம்புராவைச் சுருதி கூட்டப் பழகிய செவி இதனை எளிதில் உணரும்.

சோதனை மின்வழங்கியிலிருந்தே தொடங்குதல் வேண்டும். ஜப்பானியச் சந்தைக்கெனச் செய்த கருவி 100 வோல்ட்டில் இயங்குவது. நம் நாட்டு மின்சாரமோ 230 வோல்ட்டு. பின்புறத்து எழுத்தைப் படியாமல் செருகுவோர் மின்மாற்றியையே எரித்துவிடுகின்றனர். அடுத்து, கருவிக்குள் வரும் +15, −15, +5 வோல்ட்டுகளை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். (மின்கம்பி செருகியிருக்கையில் மின்மாற்றிப் பக்கம் உயிருக்கு ஆபத்தானது, பிடுங்கிய பின்னரும் பெரிய மின்தேக்கிகளில் மின்னூட்டம் நிற்கும். பயிற்சி இல்லாதார் மூடியைத் திறத்தல் ஆகாது.) ஒலியுடன் கலந்து வரும் முழக்கமும் ஒரு சான்றே. அது 50 அதிர்வாயின், பெரும்பாலும் நில இணைப்பிலோ கம்பியின் உறையிலோ குறை. 100 அதிர்வாயின், மின்னோட்டத்தைச் சீராக்கும் மின்தேக்கி உலர்ந்திருக்கலாம். இரண்டிற்கும் இடையே சரியாக ஒரு ஸ்தாயி வேறுபாடு உள்ளமையால் செவியாலேயே பிரித்தறியலாம்.

மும்பையில் இதனினும் மிகுதியாய் ஐயுறத்தக்கவை தொடுமுனைகள். மாதுங்கா, செம்பூர், தாராவிப் பகுதிகளில் கடற்காற்றின் உப்பும், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழையின் ஈரமும் சேர்ந்து செருகிகளின் மீதும் சுழற்றுகுமிழ்களின் உள்ளும் மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றன. வந்து வந்து மறையும் பழுது பெரும்பாலும் இவ்வினத்தைச் சேர்ந்தது. ஒரு மரக்குச்சியின் நுனியால் பலகையை மெல்லத் தட்டினால் ஒலி மாறும் இடம் புலப்படும். மின்சாரத்தை நீக்கிச் செருகியைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மீண்டும் பொருத்தினாலே பல கருவிகள் உயிர் பெறும். உப்புத்தாள் கொண்டு தேய்த்தல் கூடாது. முனையின் மெல்லிய பூச்சு அத்துடன் போய்விடும். பழைய கருவி என்றதும் மின்தேக்கிகள் அனைத்தையும் ஒரே நாளில் மாற்றிவிடும் பழக்கமும் நன்றன்று. பழுதின் தடயம் அழிவதோடு, சூட்டினால் பலகையின் செப்புப் பாதைகளும் பெயர்ந்துவிடுகின்றன.

ஜூபிட்டர்-8-இல் எட்டுக் குரல்கள் உள்ளன. ஒவ்வொன்றிற்கும் இரண்டு அலையியற்றிகள். பழுதுபார்ப்பவர்க்கு இவ்வமைப்பு ஒரு வரப்பிரசாதம். குரல்கள் முறைவைத்து வரும் நிலையில் ஒரே கட்டையை எட்டு முறை அழுத்தி, மீண்டும் எட்டு முறை அழுத்துக. ஒவ்வொரு சுற்றிலும் அதே முறையில் ஒலி கெட்டால், கோளாறு ஒரு குரலில் மட்டுமே உள்ளது. எட்டும் கெட்டால் அது பொதுவான பகுதியில், பெரும்பாலும் மின்வழங்கியில், உள்ளது. கெட்ட குரலில் ஓரிடத்து மின்னழுத்தத்தை அளந்து, நல்ல குரலில் அதே இடத்து அளவுடன் ஒப்பிடுக. அலையியற்றியின் முனையில் இரண்டும் ஒத்து, வடிப்பானுக்கு அப்பால் வேறுபட்டால், குற்றவாளி இடையில் அகப்பட்டுக்கொள்ளும். கருவி தன் அளவுகோலைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது என்னலாம். ஒற்றைக் குரலுள்ள டி.பி.-303-இல் இவ்வசதி இல்லை; சேவைக் கையேட்டின் அளவுகளையே நம்ப வேண்டும்.

பழுது எனத் தோன்றிப் பழுதாகாதது ஒன்றுண்டு: வெப்பத்தால் வரும் சுருதி விலகல். டிரான்சிஸ்டரின் இயல்பு தனிவெப்பநிலையைப் பொறுத்தது. அறைவெப்பத்தில் ஒரு டிகிரிக்கு 300-இல் ஒரு பங்கு மாறும். 10 டிகிரி உயர்ந்தால், ஈடுசெய்யும் மின்தடை இல்லாத அலையியற்றியில் ஐந்து ஸ்தாயித் தொலைவு இரண்டு சுரத்தானம் பிசகும். எனவே கருவியை இயக்கிய உடனே சுருதித் திருகாணிகளைத் தொடுதல் தவறு. ஒரு மணி நேரமேனும் சூடேறவிட்டு, மூடியையும் இயன்றவரை மூடியே வைத்து, அதன் பின்னரே திருத்த வேண்டும்.

808-இல் நினைவகத்தைக் காக்கும் மின்கலங்கள் கசிந்து பலகையை அரித்திருக்கின்றனவா என்றும் பார்த்தல் நலம். அக்கருவியில் இன்னொரு விந்தையும் உண்டு. தரத்தேர்வில் தவறிய, இரைச்சல் மிகுந்த டிரான்சிஸ்டர்களை ரோலண்டு நிறுவனத்தார் வேண்டுமென்றே வாங்கி அதில் பொருத்தினர் என்பது அதன் நிறுவனர் இக்குதாரோ காக்கேஹாஷியின் கூற்றாகச் சொல்லப்படுகிறது. ஆகையால் 808-இல் இரையும் டிரான்சிஸ்டரைக் கண்டவர், அது கெட்டதனால் இரைகிறதா, இரைவதற்கென்றே வைக்கப்பட்டதா என்பதை வரைபடத்தில் பார்த்துவிட்டே பற்றவைப்புக் கோலை எடுத்தல் வேண்டும்.