கருத்தடை ஹார்மோனும் உடல் எடையும்

கருத்தடை மாத்திரை உடம்பைப் பெருக்கவைக்கும் என்ற அச்சம் இளம்பெண்களிடையே ஆழ வேரூன்றியிருப்பதால், எடையைக் குறைக்க முனைவோரில் சிலர் முதலில் கைவிடுவது அம்மாத்திரையையே. உடலும் இளைக்காமல், வேண்டாத கருவையும் சுமக்க நேர்வது அம்முடிவின் கொடுமையாகும்.

இந்திய அரசு வழங்கும் ‘மாலா-என்’ அட்டையிலுள்ள 28 மாத்திரைகளில் 21 மட்டுமே ஹார்மோன் கொண்டவை. எஞ்சிய ஏழும் இரும்புச்சத்து மாத்திரைகள். ஹார்மோன் மாத்திரையிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜன், இரத்த அழுத்தத்தோடு தொடர்புடைய ஆஞ்சியோடென்சினோஜென் என்னும் புரதத்தைக் கல்லீரலில் மிகுவிப்பதால், அதன் தொடர்விளைவாகச் சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்துவைக்கிறது. தொடக்க மாதங்களில் சிலருக்கு விரலில் மோதிரம் இறுகுவதும் எடை சிறிது ஏறுவதும் பெரும்பாலும் இந்த நீரால்தான், கொழுப்பால் அன்று. 49 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வும், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த கருத்தடை முறைகள் எடையைப் பெரிய அளவில் மாற்றுவதற்குச் சான்று காணவில்லை.

ஊசியின் நிலை வேறு. ‘அந்தரா’ என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் ஊசியில் ஈஸ்ட்ரோஜன் இல்லை. அதிலுள்ள மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் சிலருக்கு, குறிப்பாக ஏற்கெனவே பருமனான வளரிளம் பெண்களுக்கு, மெய்யாகவே கொழுப்பைக் கூட்டுகிறது. முதல் ஆறு மாதங்களுக்குள் 5 விழுக்காட்டுக்கு மேல் எடை ஏறியவருக்கு மேலும் ஏறும் வாய்ப்பு அதிகம் என்பதால், ஊசி போட்டபின் உடம்பு பெருத்ததாகச் சொல்லும் பெண்ணை மனப்பிரமை என்று திருப்பி அனுப்பாமல், எடை பார்த்து வேறு முறைக்கு மாற்றுவதே முறை.

இதனினும் கவலைக்குரியது மறுமுனை. உணவைச் சுருக்கி அளவுக்கு மீறி மெலிந்த பெண்ணின் மூளை, கருத்தரிக்கும் வலு இவ்வுடலுக்கு இல்லையெனக் கணித்து, சினைப்பைக்கு விடுக்கும் தூண்டலைக் குறைத்துவிடுவதால் மாதவிலக்கு நின்றுபோகிறது. அவளுக்கு மாத்திரை கொடுத்தால், இரும்புச்சத்து மாத்திரை விழுங்கும் நாட்களில் ஹார்மோன் அளவு சரிந்து உதிரம் படுகிறது. அதைக் கண்டு வீட்டார் நிம்மதி அடைந்தாலும், சினைப்பை உறக்கத்திலேயே இருக்கிறது, எலும்பும் அடர்த்தி இழந்துகொண்டே போகிறது. அவளுக்கு வேண்டிய முதல் மருந்து வயிறார உணவும், உண்ண அஞ்சும் மனத்துக்கு ஆதரவுமே.